எட்டுக் கையில் ஒரு கை

கொல்லிமலையில் பிறந்து, வீட்டைச் சுற்றி ஐந்து பலாமரத்தை வைத்துக்கொண்டு, ஒரு சுளைகூட வாயில் வைக்காத பெண்பிள்ளை உண்டு என்றால் கீழே இருக்கிறவர்கள் நம்ப மாட்டார்கள். நம்பாவிட்டால் போகட்டும், கண்ணாயி அப்படித்தான் இருந்தாள். ஆனி பிறந்தால் சோளக்காட்டுச் சந்தைக்குப் போகிற வழியெல்லாம் பலா மணம்தான். மூக்கைப் பொத்திக்கொண்டு போனாலும் எப்படியோ உள்ளே வந்துவிடும். அந்த நாட்களில் கண்ணாயி கையில் எண்ணெய் தடவிக்கொண்டு பழத்தை அறுப்பாள். சுளை சுளையாக எடுத்து வந்தவர் போனவருக்கெல்லாம் இலையில் வைத்துக் கொடுப்பாள். கொட்டையைச் சுட்டு மடியில் கட்டி அனுப்புவாள். தான் மட்டும் ஒரு நாரைக்கூட நாக்கில் வைக்க மாட்டாள்.

கேட்டவர்களுக்கு ஒரே பதில்தான். “எனக்கு ஆகாதுங்க.”

ஊர் வாய் சும்மா இருக்குமா? வாயுத் தொந்தரவு என்றார்கள் சிலர். பக்கத்துத் தோட்டத்து ருக்குமணி, பல்லில் சொத்தை என்று அடித்துச் சொன்னாள். புருஷன் சின்னுசாமி இருக்கிறாரே, அவர் எல்லாருக்கும் மேலே. “கல்யாணமான புதுசுல ஒரு முழுப் பழத்த ஒத்தை ஆளா உக்காந்து தின்னவ இவ. ஆயுசுக்கும் சேத்து அன்னைக்கே தின்னு முடிச்சுட்டா” என்று சந்தையில் நின்று சொல்லிச் சிரிப்பார். கண்ணாயியும் கூடவே சிரித்துவிட்டுப் போவாள்.

உங்களிடம் மறைப்பானேன். அது வேண்டுதல்.

பதினைந்து வருஷத்துக்கு முன்னால், பங்குனியில் ஒரு சந்தை நாள். மூன்று வயது மகள் சுமித்ராவுக்குக் காய்ச்சல் ஏறி, உடம்பு அனலாய்க் கொதித்து, கண் செருகிக் கை கால் வெட்டி இழுக்க ஆரம்பித்துவிட்டது. சின்னுசாமி மிளகு விற்கச் சேலம் போயிருந்தார். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு சோளக்காட்டுக்கு ஓடி வந்த கண்ணாயிக்கு அங்கே கிடைத்தது ஒரு லாரியும் ஒரு ஐஸ்காரனும். லாரி, மரவள்ளிக்கிழங்கு ஏற்றிக்கொண்டு ராசிபுரத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தது. ஐஸ்காரன் முள்ளுக்குறிச்சி ஜெய்லானி. இருபது வயசு, மீசை முளைத்தும் முளைக்காத முகம். பஸ் மேலே பெட்டியைப் போட்டுக்கொண்டு குச்சி ஐஸ் விற்க மலையேறி வந்தவன். அன்றைக்கு அவனுக்குப் பத்து ஐஸ்கூடப் போணியாகியிருக்காது. பிள்ளையை ஒரு பார்வை பார்த்தான், பெட்டியைத் தூக்கி லாரியில் வைத்தான், தானும் ஏறிக்கொண்டான்.

எழுபது கொண்டை ஊசி வளைவு. ஒவ்வொரு வளைவிலும் கிழங்கு ஒரு பக்கம் சரியும், ஆட்கள் ஒரு பக்கம் சரிவார்கள். ஜெய்லானி ஐஸை உடைத்து உடைத்துத் துண்டில் கட்டிப் பிள்ளையின் நெற்றியிலும் அக்குளிலும் வைத்துக்கொண்டே வந்தான். சிவப்பு ஐஸ் தீர்ந்தது, மஞ்சள் ஐஸ் தீர்ந்தது, சேமியா ஐஸையும் விடவில்லை. அடிவாரம் சேர்வதற்குள் பிள்ளையின் சட்டையில் இல்லாத நிறமில்லை. கண்ணாயியால் செய்ய முடிந்தது ஒன்றே ஒன்றுதான். எட்டுக்கை அம்மனைக் கூப்பிட்டாள். “தாயே, எம்புள்ளயக் குடுத்துரு. எனக்கு உசுருக்கு உசுரான பலாப்பழத்த உனக்கு விட்டுடறேன். கட்டையில போற வரைக்கும் இந்த வாயில வெக்க மாட்டேன்.”

“சூட்டத் தணிச்சுக் கொண்டாந்தீங்க, அதனால பொழச்சுது” என்றார் ராசிபுரத்து டாக்டர். மூன்றாம் நாள் பிள்ளை எழுந்து உட்கார்ந்து கஞ்சி கேட்டது.

அன்றிலிருந்து கண்ணாயிக்குக் கும்பிட இரண்டு இடம். ஒன்று அம்மன், இன்னொன்று அந்த ஐஸ்பெட்டி. ஜெய்லானியைத் தம்பி என்றாள். அம்மாவின் தம்பி மாமன்தானே, சுமித்ரா ‘ஐஸ் மாமா’ என்றாள். புது மிளகில் முதல் படி முள்ளுக்குறிச்சிக்குப் போகும். பெருநாள் பிரியாணி பஸ் ஏறி மலைக்கு வரும். ஆனால் லாரியில் அம்மனிடம் சொன்னதை மட்டும் கண்ணாயி புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. சொல்லிக்காட்டினால் அது நன்றி ஆகுமா? ‘உனக்காகத்தாண்டி விட்டேன்’ என்று பெற்ற பிள்ளையின் தலையில் மூட்டையை ஏற்றி வைக்கவும் அவளுக்கு மனசில்லை.

வாயைத் திறக்காமல் இருந்ததுதான் வினையாகிவிட்டது.

இரண்டாயிரத்து ஒன்றாம் வருஷம், ஆனி மாதத்துக் கடைசிச் சனிக்கிழமை. சுமித்ரா நாமக்கல்லில் காலேஜில் சேர்ந்து, ஹாஸ்டலுக்குப் போய், முதல் தடவையாக வீட்டுக்கு வருகிற நாள். மூன்றரைக்குச் சோளக்காடு சேருகிற பஸ்ஸில் வருவதாகச் சொல்லி அனுப்பியிருந்தாள். கண்ணாயி விடிந்ததிலிருந்து நிலைகொள்ளாமல் வாசலுக்கும் அடுப்படிக்கும் நடந்துகொண்டிருந்தாள். மத்தியானம் மூன்று மணி தாண்டி வாசலில் ஹாரன் சத்தம். மகள்தான் ஏதோ வண்டியில் வந்துவிட்டாள் என்று ஓடிப் பார்த்தால், ஜெய்லானியின் ஆம்னி வேன். அவனும் அவன் மனைவி தில்ஷாத் பேகமும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து ஒரு தெர்மாகோல் பெட்டியை இறக்கினார்கள்.

ஜெய்லானி இப்போது பழைய ஆள் இல்லை. வயிறு முன்னால் வந்துவிட்டது. வீட்டை ஒட்டி ஷெட் போட்டு, மிஷின் வாங்கி வைத்து, சொந்தமாக ஐஸ்கிரீம் போடுகிறவன். போட்டு என்ன செய்ய? கடைக்குக் கடை பெரிய கம்பெனிப் பெட்டிகள் கண்ணாடி மூடியோடு வந்து உட்கார்ந்துகொண்டன. இவனுடைய வெனிலாவை எவனும் ஏறிட்டுப் பார்க்கவில்லை. தில்ஷாத்துதான் ஒருநாள் வெடுக்கென்று சொன்னாள்: “அவங்க போடுறதையே நாமளும் போட்டா அவங்ககிட்டத்தான் வாங்குவாங்க. அவங்க பேர்கூடக் கேள்விப்படாததப் போடுங்க.” ஒரு மாதம் இரண்டு பேரும் காய்ச்சினார்கள், அரைத்தார்கள், கொட்டினார்கள், மறுபடி காய்ச்சினார்கள். ஆடிப் பதினெட்டுக்குச் செம்மேட்டில் கடை போடுவதாக ஏற்பாடு. அதற்கு முன்னால் முதல் கரண்டி கண்ணாயி அக்கா வாய்க்குத்தான் போக வேண்டும் என்று ஜெய்லானி பிடிவாதமாக மலையேறி வந்திருந்தான்.

“எனக்கெதுக்கு தம்பி இதெல்லாம்?” என்றாள் கண்ணாயி.

“அக்கா, அன்னைக்கு வரைக்கும் ஐஸ்காரன்னு சொல்லிக்கவே எனக்கு வெக்கமா இருக்கும். லாரியில போனமே, அன்னைக்குத்தான் நம்ம ஐஸும் ஒரு உசுருக்கு ஆகும்னு தெரிஞ்சுது. அதுக்கப்புறந்தான் தலை நிமிந்து நடந்தேன். வேற ஆருக்குக் குடுப்பேன்?”

“உனக்கு ஐஸ் வெக்கிறதுக்குன்னே பெட்டியோட வந்திருக்காங்க, மாட்டேன்னு சொல்லாத” என்றார் சின்னுசாமி. இந்தச் சிலேடையை அவர் காலையிலிருந்தே வாயில் வைத்துக்கொண்டிருந்தவர் போலிருந்தது.

பெட்டிக்குள் ஐஸும் கல்லுப்பும் போட்டு, நடுவில் மூன்று எவர்சில்வர் தூக்கு.

“எல்லாம் உங்க மலைச் சாமான்தான். பேர் சொல்ல மாட்டேன், நீங்கதான் கண்டுபுடிக்கோணும்” என்றான் ஜெய்லானி.

கண்ணாயி அதுவரைக்கும் ஐஸ்கிரீம் தின்றதில்லை. மார்கழியில் பல் கிட்டிப்போகிற ஊரில் குளிர்ச்சியைத் தேடிப் போய்த் தின்பது அவளுக்குப் பைத்தியக்காரத்தனமாகத்தான் பட்டது. தம்பி முகத்துக்காகக் கரண்டியை வாங்கினாள்.

முதல் கிண்ணம் வெள்ளை, அங்கங்கே கறுப்புப் பொடி. வாயில் வைத்ததும் பல் கூசிற்று. “யப்பா!” என்று கன்னத்தைப் பிடித்துக்கொண்டாள். கூச்சம் அடங்கி, பால் கரைந்து, பின்னாலேயே தேன் வந்தது. சந்தைத் தேன் இல்லை, மலைத்தேன், அந்த லேசான கசப்போடு. விழுங்கிய பிறகு அடித்தொண்டையில் சுருக்கென்று ஒரு காரம்.

“அடப்பாவி! எம்மொளகு!”

தில்ஷாத் கைதட்டினாள்.

“சளி புடிக்கறதும் நீயே, சளிக்கு மருந்தும் நீயேவா? நல்ல பொழப்பா இருக்குதே தம்பி!” என்றாள் கண்ணாயி. எல்லாரும் சிரித்ததில் சின்னுசாமிக்குப் புரை ஏறிவிட்டது.

இரண்டாவது கிண்ணம் மண் நிறத்தில், நறநறவென்று. கண்ணாயி கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். வறுத்த வாசம். நெய். அவளுக்குத் தெரிந்துவிட்டது. ஆனாலும் சொல்ல வாய் வரவில்லை.

“இது… சாமையா?”

“சாமைதானுங்க அக்கா. வறுத்து, பாயசமாக் காச்சி, அதுலதான் போட்டேன்” என்றாள் தில்ஷாத்.

கண்ணாயிக்குக் கண் கலங்கிவிட்டது. கீழேயிருந்து விருந்தாளி வந்தால் சாமைச்சோற்றுச் சட்டியை மறைத்து வைத்துவிட்டு, இல்லாத அரிசிக்குக் கடை கடையாக ஓடுகிற சனம் அவர்கள். “எங்க சாமைய ஐஸ்கிரீமா ஆக்கிக் கொண்டாந்திருக்கியே சாமி. நீ நல்லா இருக்கோணும்” என்று தில்ஷாத்தின் கையைப் பிடித்துக்கொண்டாள்.

மூன்றாவது கிண்ணத்தை ஜெய்லானி எடுக்கும்போது சின்னுசாமி திடீரென்று கூரையைப் பார்க்க ஆரம்பித்தார். அப்போதே கண்ணாயி உஷாராகியிருக்க வேண்டும். நாற்பது வயசில் கூரையை அப்படி ரசிக்கிற மனுஷனா அவர்? ஆனால் அவள் கண்ணில் நீர், வாயில் நெய் மணம்.

நல்ல வெல்ல நிறத்தில் வழவழவென்று இருந்தது. மணமே இல்லை. எதையும் உறைய வைத்தால் மணம் உள்ளே போய்ப் பதுங்கிக்கொள்ளும் என்பது ஐஸ்காரர்களுக்குத் தெரியும், மிளகுக்காரிக்கு எப்படித் தெரியும்?

“வெல்லம்” என்றாள் முதல் கரண்டியில்.

“சரிதான், இன்னும் இருக்குது.”

“தேங்காப்பால். சுக்கு.” இது இரண்டாவது கரண்டி.

“இன்னும் இருக்குது அக்கா.”

“மூணுல இதுதான் ஒசத்தி தம்பி” என்று சொல்லிக்கொண்டே மூன்றாவது கரண்டியை நிறைய எடுத்து வைத்தாள். அது நாக்கில் கரைந்து, சூடேறி, தொண்டைக்குள் இறங்கியது. இறங்கிய பிறகு அடியிலிருந்து மணம் எழும்பி மூக்குக்கு வந்தது.

பதினைந்து வருஷம் ஆனால் என்ன? பழம் எது என்று மட்டுமில்லை, மரம் எது என்றுகூட அவளுக்குத் தெரிந்துவிட்டது.

“கெணத்தடி மரத்துப் பழந்தாண்டி!” என்று சின்னுசாமி தாங்க முடியாமல் கூவினார். “நாந்தான் கமுக்கமாக் குடுத்து அனுப்புனேன். பாகாக் காச்சுனா வாயு பண்ணாதுன்னு பாய் சொன்னான். எப்படி?”

கிண்ணம் கையிலிருந்து விழுந்து உருண்டது. கண்ணாயி எழுந்து கொல்லைப் பக்கம் ஓடினாள். தொண்டைக்குள் விரலை விட்டாள். ஒன்றும் வரவில்லை. தொட்டித் தண்ணீரை அள்ளி அள்ளிக் கொப்புளித்தாள். மணம் போகிறதா? போகவில்லை. அதைவிடப் பெரிய கொடுமை, அந்த இனிப்பு இன்னும் நாக்கில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

பின்னாலேயே ஓடி வந்த மூன்று பேரும் முழித்துக்கொண்டு நின்றார்கள். “ஒத்துக்கலையா புள்ளே? ஐயோ, நான் வெளையாட்டா…” சின்னுசாமிக்கு முகம் பேயறைந்தாற்போல் ஆகிவிட்டது.

கண்ணாயி முகத்தைத் துடைத்தாள். “மணி என்ன ஆச்சு?”

ஜெய்லானி கைக்கடிகாரத்தைப் பார்த்தான். “நாலு இருபதுங்க அக்கா.”

மூன்றரை பஸ். சோளக்காட்டிலிருந்து வீட்டுக்கு ஒரு மைல்கூட இல்லை. எப்போதோ வந்திருக்க வேண்டிய பிள்ளை வரவில்லை. கண்ணாயி தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

“எடுத்துக்கிட்டாளா? குடுத்தத எடுத்துக்கிட்டாளா?” என்றாள். யாரைச் சொல்கிறாள் என்று ஒருவருக்கும் விளங்கவில்லை.

சோளக்காட்டுக்கு வேனில் போகும்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். மழை பிடித்துக்கொண்டது. லாரி, எழுபது வளைவு, அம்மன், பலா. சொல்லி முடித்தபோது சின்னுசாமி முன் சீட்டில் குனிந்து உட்கார்ந்திருந்தார். “பதினஞ்சு வருசமா சந்தைச் சந்தையா நின்னு உன்னையக் கேலி பண்ணியிருக்கேன்” என்றார். ஜெய்லானி வேனை இன்னும் வேகமாக ஓட்டினான்.

பஸ் நிற்கிற இடத்தில் பஸ்ஸைக் காணோம். டீக்கடை அர்த்தனாரி தார்ப்பாயைக் கம்பால் குத்தி மழைத் தண்ணீரை வடித்துக்கொண்டிருந்தார்.

“நாமக்கல் பஸ்ஸு இன்னும் ஏறலீங்க. ஏதோ வளவுல மரம் சாஞ்சுட்டதுன்னு ஜீப்புக்காரன் சொல்லிட்டுப் போனான்.”

“பஸ்ஸு மேலயா?” என்று கேட்டாள் கண்ணாயி.

“ரோட்டுலயா பஸ்ஸு மேலயான்னு அவனுக்கே தெரியலீங்க. அவனும் காதுல வாங்குனதுதான்.”

அர்த்தனாரி நல்ல மனுஷர்தான். ஆனால் எதை எங்கே சொல்வது என்று கிடையாது.

ஜெய்லானி வேனைத் திருப்பினான். சின்னுசாமி ஏறிக்கொண்டார். “போய்ப் பாத்துட்டு வாரோம், நீங்க இங்கயே இருங்க” என்று கத்திவிட்டு இருவரும் மலையிறங்கிப் போனார்கள். தார்ப்பாய்க்குக் கீழே பெஞ்சில் கண்ணாயியும் தில்ஷாத்தும் மட்டும். அர்த்தனாரி இரண்டு டீயை வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். கண்ணாயி தொடவில்லை.

தார்ப்பாய் மேல் மழை கொட்டியது. பிறகு தில்ஷாத் மெதுவாகச் சொன்னாள்:

“அக்கா, நாங் கல்யாணமாகி வந்த மொத ரமலான். நோன்பு வெச்சிருந்தேன். குல்பிக்குப் பால் சுண்டிக்கிட்டிருந்துச்சு. எங்க தொழில்ல பதம் பாக்கக் கரண்டிய எடுத்தா நாக்கு தன்னால வந்துருமுங்க. நக்கிட்டேன். ஒருக்கா இல்ல, ஒரு கரண்டி முழுசா நக்கி முழுங்குனதுக்கு அப்புறந்தான் நோன்பு ஞாபகமே வந்துச்சு. கதவுக்குப் பின்னாடி போய் உக்காந்து அழுதேன். இவர் வந்து பாத்துட்டுச் சிரிக்கிறார். ‘அட லூசே, மறந்து தின்னா நோன்பு முறியாது. அது அல்லா ஊட்டுனது. வாயத் தொடச்சுட்டு மீதி நோன்பப் புடி’ன்னார். எங்க மார்க்கத்துல அப்படித்தானுங்க அக்கா. தெரியாம வாய்க்குப் போனது ஆண்டவன் ஊட்டுனதுன்னுதான் சொல்லுவோம்.”

கண்ணாயி தலையை ஆட்டினாள். “அது உங்க சாமி, கண்ணு. எங்க சாமி அப்படி இல்ல. துடியான சாமி. வாக்குன்னா வாக்கு.”

“நீங்க வேணும்னு திங்கலையே அக்கா.”

“இனிச்சுதே!” என்றாள் கண்ணாயி. “வேண்டா வெறுப்பாத் தின்னிருந்தாப் பரவால்ல. மூணுல இதுதான் ஒசத்தின்னு இந்த வாயால சொன்னனே தில்ஷாத். எம்புள்ளைக்காக விட்டது எனக்கு இனிச்சுதே! நாஞ் செத்தாலும் இந்த நாக்கு வேகாது.”

தில்ஷாத் பெரிய படிப்பாளி இல்லை. பாலைச் சுண்டக் காய்ச்சத் தெரியும், அளவு போடத் தெரியும். கண்ணாயியின் ஈரக் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டாள்.

“எனக்கும் அன்னைக்கு இனிச்சுதுங்க. ஊட்டுறவ இனிக்கத்தானே ஊட்டுவா? கசக்கவா ஊட்டுவா?” என்றாள். கொஞ்சம் யோசித்துவிட்டு, “உங்க சாமிக்கு எத்தன கை அக்கா?”

“எட்டு.”

“எட்டுக் கை வெச்சிருக்கறவ, பதினஞ்சு வருசமா வாயக் கட்டிக்கிட்டிருக்கிற புள்ளைக்கு ஒரு கையால மூணு வாய் ஊட்ட மாட்டாளா?”

சின்ன வயசிலிருந்து கண்ணாயி எத்தனை தடவை அந்தக் கோயிலுக்குப் போயிருக்கிறாள்! கண்ணை மூடி ஒவ்வொரு கையாக நினைத்துப் பார்த்தாள். சூலம் பிடித்த கை ஞாபகம் வந்தது, கத்தி பிடித்த கை ஞாபகம் வந்தது. எல்லாம் பயந்து பயந்து பார்த்த கைகள்.

“ஆயுதம் இருக்கற கையவே பாத்துக்கிட்டு இருந்துட்டேன்” என்றாள், யாரிடமோ சொல்வதுபோல.

தில்ஷாத் ஆறிப்போன டீயை எடுத்து அவள் கையில் வைத்தாள். கண்ணாயி ஒரு மடக்குக் குடித்தாள். பயம் போய்விடவில்லை, போய்விடுமா? பெற்றவள் வயிறு. ஆனால் ‘எடுத்துக்கிட்டாளா’ என்ற புலம்பல் நின்றுபோய், ‘தாயே, நல்லபடியாக் கொண்டாந்து சேத்துரு’ என்ற பழைய வார்த்தை வந்தது. பதினைந்து வருஷத்துக்கு முன்னால் லாரியில் சொன்ன அதே குரல்.

ஐந்தரை மணிக்கு வளைவில் ஹாரன் கேட்டது. முதலில் ஆம்னி வேன், பின்னாலேயே பெரிய சத்தத்தோடு பஸ். பஸ்ஸின் கூரையில் பச்சை இலைகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கண்ணாயி எழுந்து நின்றாள்.

சுமித்ரா மூன்றாவது ஆளாக இறங்கினாள். பை ஒரு தோளில், செருப்பு கையில், பாவாடை முழங்கால் வரைக்கும் சேறு.

“அம்மா! மரம் பஸ்ஸுக்கு முன்னால பத்தடியில விழுந்துச்சு. எல்லாரும் எறங்கி வெட்டி இழுத்தோம். டிரைவர் அண்ணன் அருவாளே வெச்சிருந்தார். நானும் கெளை இழுத்தேன், பாரு” என்று உள்ளங்கையை நீட்டினாள். இரண்டு மூன்று கீறல்.

கண்ணாயி அந்தக் கையைப் பார்த்தாள், முகத்தைப் பார்த்தாள், தலையைத் தடவினாள், தோளைத் தடவினாள். பதினெட்டு வயசுப் பெண்ணைப் பஸ் ஸ்டாண்டில் வைத்து மூன்று வயசுக் குழந்தையைத் தடவுவதுபோலத் தடவினால் அவளுக்குக் கூச்சமாக இராதா? “என்னம்மா இது, எல்லாரும் பாக்கறாங்க” என்று நெளிந்தாள்.

“பாக்கட்டும்” என்றாள் கண்ணாயி. பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி, அம்மன் கோயில் இருக்கிற பக்கம் பார்த்துக் கும்பிட்டாள். “மகராசி, மகராசி” என்று கண்ணீர் ஓட ஓடச் சொன்னாள்.

ஜெய்லானி கொஞ்சம் தள்ளி, தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றான். “அக்கா, மன்னிச்சுக்கோங்க. பலா ஐஸ் இனிமே போட மாட்டேன். மிச்சப் பாகையும் போனதும் கொட்டிடறேன்.”

“கொட்டுவியா? கையை முறிச்சிருவேன்” என்றாள் கண்ணாயி. மூக்கை உறிஞ்சிக்கொண்டு அதட்டியதில் பாதி அதட்டல் எடுபடவில்லை. “மூணுல அதுதான் ஒசத்தின்னு சொன்னனா இல்லியா? செம்மேட்டுல மொதக் கடையா அதப் போடு. பழம் நான் பொறுக்கித் தாரேன். எனக்கு மட்டும் குடுக்காத, அவ்வளவுதான். ஊருக்கெல்லாம் குடு.”

ஜெய்லானி துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். மழைத் தண்ணீரா வேறா என்று யாரும் கேட்கவில்லை.

“வேன்ல இருக்குதா அந்தத் தூக்கு?” என்றாள் கண்ணாயி.

இருந்தது. அவசரத்தில் பெட்டியோடு வண்டியில் தூக்கிப் போட்டிருந்தார்கள். ஐஸ்கிரீம் பாதி இளகிப்போயிருந்தது. கண்ணாயி பெஞ்சில் மகளை உட்கார வைத்து, கரண்டியால் எடுத்து, வாய்க்கு நேரே நீட்டினாள்.

“நானே தின்னுக்கறேம்மா.”

“ஆ காட்டு.”

சுமித்ரா நாலு பக்கமும் பார்த்துவிட்டு வாயைத் திறந்தாள். முதல் வாய்க்கே கண் அகன்றது. இளகியிருந்ததால் மணம் ஒளியவில்லை. “பலா! ஐஸ் மாமா, பலாவுல ஐஸ்கிரீமா? ஐயோ, என்னமா இருக்குது!” பிறகு அம்மாவைத் திரும்பிப் பார்த்தாள். “நீ எப்படி இதத் தொட்ட? உனக்குத்தான் ஆகாதே.”

சின்னுசாமி தொண்டையைச் செருமினார். சொல்லிவிடப் போகிறார் என்று தெரிந்து, கண்ணாயி அவரைப் பார்த்த பார்வையில் செருமல் அப்படியே நின்றது.

“மூணு வாய் தின்னேன் கண்ணு. ஒண்ணும் பண்ணல.”

“நல்லா இருந்துச்சா?”

கண்ணாயி கரண்டியில் அடுத்த வாயை எடுத்தாள். “நல்லா இருந்துச்சு சாமி. ரொம்ப நல்லா இருந்துச்சு” என்றாள். சற்று முன்னால் ‘இனிச்சுதே’ என்று அழுதாளே, அதே இனிப்பைத்தான் சொன்னாள். இப்போது அழுகை வரவில்லை.

ஒவ்வொரு கரண்டியாக ஊட்டினாள். சுமித்ரா காலேஜைப் பற்றியும் ஹாஸ்டல் சாம்பாரைப் பற்றியும் வாய் ஓயாமல் பேசிக்கொண்டே தின்றாள். தூக்கின் அடியை வழித்துக் கடைசி வாயைக் கொடுத்தபோது பாகு கண்ணாயியின் விரலில் வழிந்தது. யாராக இருந்தாலும் என்ன செய்வார்கள்? அவளும் விரலை வாய்க்குக் கொண்டுபோனாள். உதட்டுக்குப் பக்கத்தில் போன விரல் நின்றது. முந்தானையை இழுத்து விரலைச் சுத்தமாகத் துடைத்துக்கொண்டாள்.

தில்ஷாத் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“மீதி நோன்பாங்க அக்கா?” என்று மெதுவாகக் கேட்டாள்.

“மீதி நோன்புதான்” என்று சொல்லிவிட்டு, கண்ணாயி தூக்கைக் கழுவ மழையில் இறங்கினாள்.